மாஸ்டரைக் கேளுங்கள்: கல்யாணக் கோட்டும் தொப்பைச் சட்டையும்

ஆண்களுக்கான துணித் தேர்வு, தையல் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மதுரைத் தையல்காரர் ஒருவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஆனி மாதம் மகனுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு த்ரீ பீஸ் கோட் சூட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கறுப்பில் பளபளவென்று ஒரு துணியும் பார்த்து வைத்துவிட்டான். மண்டபத்தில் ஏ.சி. கிடையாது. எடுக்கலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: அந்தத் துணியை எடுக்க வேண்டாம் ஐயா. கோட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணிக்கடைக்குப் போகும் முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். ஆறரை மணிக்கு மேடை ஏறுகிற பையன் பத்து மணி வரை நிற்கப் போகிறான். இரண்டு பக்கமும் வீடியோ விளக்கு. உடம்பில் முதலில் பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, பிறகு லைனிங் வைத்த வெயிஸ்ட் கோட், அதற்கும் மேல் லைனிங் வைத்த கோட். அடுக்கை எண்ணினால் ஆறு வருகிறது. இடையில் கோட்டு விறைப்பாக நிற்பதற்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ் துணி வேறு. அந்தப் பளபளப்புத் துணி அநேகமாக முழு பாலியஸ்டராகத்தான் இருக்கும். வியர்வையை அது வாங்காது, வெளியேயும் விடாது. எட்டு மணிக்கெல்லாம் மாப்பிள்ளை கைக்குட்டையோடு நிற்பார்.

மெல்லிய கம்பளித் துணி எடுங்கள். "உல்லனா, அது ஊட்டிக்கல்லவா?" என்று எல்லாரும் கேட்பார்கள். கம்பளியில் கனமானதும் உண்டு, வெயில் ஊருக்கென்றே நெய்கிற மெல்லியதும் உண்டு. சதுர மீட்டருக்கு 220 முதல் 250 கிராம் எடையில், சாதா நெசவில், முறுக்கேறிய நூலில் நெய்ததைக் கேளுங்கள். ஒற்றையாகப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள், ஊசிக்கண் அளவுக்குப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வர வேண்டும். வாய் வைத்து ஊதினால் மறுபக்கம் வைத்த கையில் காற்றுப் பட வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. அவ்வளவு விலை கட்டாது என்றால் பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த டெரிவுல்லில் பளபளப்பில்லாததை எடுங்கள்.

அடுத்தது லைனிங். துணிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்கூட லைனிங் எது என்று கேட்பதே இல்லை. உடம்பை ஒட்டிக் கிடப்பது அதுதான். விஸ்கோஸ் (ரேயான்) லைனிங் வேண்டும் என்று சொல்லுங்கள். முதுகில் மேல்பாதிக்கு மட்டும் லைனிங் வைத்து, கீழ்ப்பாதியை விட்டுவிடச் சொல்லுங்கள். அப்படித் தைத்தால் உள்பக்கத் தையல் எல்லாம் மூடாமல் கிடக்கும், ஓரங்களைப் பட்டி போட்டு முடிக்க வேண்டும், அதனால் தையல்காரர் கூலி கூடக் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.

நிறம்: கறுப்பைவிட அடர் நீலம் மேல். கறுப்புத் துணி ஃபிளாஷ் வெளிச்சத்தில் மடிப்பு, வெட்டு எதுவும் தெரியாமல் ஒரே கட்டியாக விழும். ஒட்டிய நூலும் தூசியும் மட்டும் நன்றாகத் தெரியும். பளபளப்புத் துணியில் ஒவ்வொரு தையல் சுருக்கமும் வரி போட்டுக் காட்டும். சந்தன நிறம், பால் நிறம் இரண்டையும் வரவேற்புக்குத் தவிர்த்துவிடுங்கள். நம் கல்யாணத்தில் கோட்டின் மேல் ரோஜா மாலை விழும். தண்ணீர் தெளித்த மாலை. சிவப்பு இதழ் காலரில் நசுங்கினால் அந்தக் கறை எளிதில் போகாது. மாலையின் எடையில் லேபல் (காலரிலிருந்து மார்பில் இறங்குகிற மடிப்பு) மடிந்து மடிந்து நிற்கும் என்பதால், பசை வைத்து ஒட்டிய கோட்டைவிடக் கேன்வாஸ் வைத்துத் தைத்த கோட் தாங்கும். கடையில் எந்தக் கோட்டையும் சோதிக்கலாம். கடைசிப் பட்டனுக்கும் கீழே முன்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து, வெளித்துணியையும் உள்துணியையும் எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் அது கேன்வாஸ். எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தால் பசை.

முதல் ட்ரையல் ஒரு மாதம் முன்னால், கடைசி ட்ரையல் ஒரு வாரம் முன்னால். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் மாப்பிள்ளைகள் விருந்து சாப்பிட்டு இரண்டு அங்குலம் ஏறுவார்கள், அல்லது ஜிம்முக்குப் போய் இரண்டு அங்குலம் இறங்குவார்கள். ட்ரையலுக்கு அன்று போடப் போகிற சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். செருப்போடு வந்து பேண்ட் உயரம் பார்ப்பதில் பொருளில்லை.

கேள்வி: முதலாளி தீபாவளிக்குப் பேண்ட் பிட் கொடுத்தார். 1.20 மீட்டர். எனக்கு இடுப்பு 42, சீட் (பின்புறச் சுற்றளவு) 48 அங்குலம். துணி போதாது என்கிறார் தையல்காரர். துணியில் கை வைக்கிறாரா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அவர் நல்லவர். சந்தேகப்படாதீர்கள்.

பேண்ட் துணி 58 அங்குல அகலம். வெட்டும்போது இரண்டாக மடிப்போம், 29 அங்குலம். அதற்குள் முன்பக்கத் துண்டும் பின்பக்கத் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். சீட் அளவில் நான்கில் ஒரு பங்கு முன்னால், நான்கில் ஒரு பங்கு பின்னால், கவட்டைக்காகவும் தையலுக்காகவும் இரண்டுக்கும் சேர்த்து ஏழு அங்குலம். சீட் 42 உள்ளவருக்கு 28 வரும், அடங்கிவிடும். உங்களுக்கு 31. இரண்டு அங்குலம் வெளியே நிற்கிறது. பெட்டிக்குள் வருகிற பிட்டெல்லாம் சராசரி ஆளுக்காக வெட்டியது, முதலாளி அளவு எடுத்தா கொடுத்தார்?

இரண்டு வழி உண்டு. அதே துணியில் இன்னும் நாற்பது சென்டிமீட்டர் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால், பின்பக்கக் கவட்டையில், கால்கள் சேருமிடத்துக்கு அடியில், ஒரு சிறிய முக்கோண ஒட்டுப் போடச் சொல்லுங்கள். போட்டால் வெளியே தெரியாது. ஒட்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், துணி அருமையாக இருந்த காலத்தில் பெரிய மனிதர்களின் பேண்ட்டிலும் அது உண்டு. உங்கள் தையல்காரர் அதைச் சொல்லாமல் இருப்பது, நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்ற பயத்தால் இருக்கலாம்.

சட்டைக்கும் இதே கதைதான். "எத்தனை மீட்டர்?" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை அங்குல அகலம்?" என்று கேளுங்கள். முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குலத் துணி என்றால் 1.60 மீட்டர் போதும், 36 அங்குலக் கைத்தறி என்றால் இரண்டேகாலிலிருந்து இரண்டரை மீட்டர் வேண்டும்.

கேள்வி: ஆபீசுக்கு லினன் சட்டை போடுகிறேன். பதினொரு மணிக்குள் கசங்கிவிடுகிறது. கசங்காத லினன் எது? (சென்னை வாசகர்)

பதில்: கசங்காத லினன் என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்றால் உள்ளே பாலியஸ்டர் கலந்திருக்கும், அல்லது ரசாயனப் பூச்சு இருக்கும். லினன் ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார். விறைப்பானது, இழுத்தால் நீளாது, மடித்தால் மடிந்த இடத்திலேயே நிற்கும். வியர்வையை உடனே வாங்கி உடனே காயவிடுவதும் அதே நார்தான், நனைந்தால் பலம் குறையாமல் கூடுவதும் அதே நார்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பாதிக் குற்றம் துணியில் இல்லை தம்பி, நீங்கள் தைத்துக்கொள்கிற இறுக்கத்தில் இருக்கிறது. இறுக்கமாகத் தைத்த லினன் முழங்கை மடிப்பிலும் வயிற்று மடிப்பிலும் நார் நாராக உடையும். மார்புச் சுற்றளவுக்கு மேல் ஐந்தாறு அங்குலம் விட்டுத் தைத்துப் பாருங்கள். அப்போதும் கசங்கும், ஆனால் அது அழுக்குச் சட்டைபோல் தெரியாது. அடர் நிற லினன் வாங்காதீர்கள், மடிப்பு விழும் இடமெல்லாம் சில மாதத்தில் வெளுத்த கோடு விழும். இஸ்திரி போடும்போது ஈரம் இருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்த லினனோடு எந்தப் பெட்டியும் மல்லுக்கட்ட முடியாது.

வாரம் முழுக்க மீட்டிங் என்றால் லினனைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளுக்கு ட்வில் நெசவில் நல்ல பருத்தி எடுங்கள். சாய்வுக் கோடு ஓடும் நெசவு, பாப்லினைவிடக் குறைவாகக் கசங்கும்.

கேள்வி: கடைக்காரர் "இது டூ பை ஹண்ட்ரட்", "இது சூப்பர் ஒன் ஃபிஃப்டி" என்று எண்ணைச் சொல்லியே விலையை ஏற்றுகிறார். பெரிய எண் என்றால் நல்ல துணியா? (கோவை வாசகர்)

பதில்: நூற்பாலை ஊரில் இருந்துகொண்டு மதுரைக்காரனைக் கேட்கிறீர்கள்! சரி. பருத்தி நூலில் எண் ஏற ஏற நூல் மெலிகிறது என்று அர்த்தம். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு நூலில் நாற்பது சிட்டம் வந்தால் நாற்பதாம் நம்பர், நூறு வந்தால் நூறாம் நம்பர். 2/100 என்றால் அப்படிப்பட்ட இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கியது. மெல்லிய நூலில் நெய்தால் துணி வழுவழுப்பாக இருக்கும், பார்க்க அழகு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கும், வாஷிங் மெஷினில் தினமும் போடுகிறவருக்கும் அறுபது, எண்பது போதும்.

கம்பளியில் "சூப்பர்" என்பது நாரின் பருமன். சூப்பர் 100 என்றால் ஏறத்தாழ பதினெட்டரை மைக்ரான், 150 என்றால் பதினாறு. மெல்லிசு கூடும், மென்மை கூடும், ஆயுள் குறையும், கசங்குவதும் கூடும். வருடத்துக்கு நான்கு விசேஷத்துக்குப் போடுகிற கோட்டுக்கு 150 எடுங்கள். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து தேய்க்கிற பேண்ட்டுக்கு அதை எடுத்தால் சீட்தான் முதலில் போகும். எண்ணோடு எடையும் கேளுங்கள். எடையைச் சொல்லத் தெரியாத கடையில் எண்ணை நம்பாதீர்கள்.

இன்னொரு சோதனை: துணி ஓரத்தில் ஒரு நூலை உருவித் தரச் சொல்லி, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசமும் சாம்பலும் என்றால் பருத்தி அல்லது லினன் (விஸ்கோசும் இப்படித்தான் எரியும், கவனம்). மயிர் பொசுங்கிய நாற்றம் என்றால் கம்பளி அல்லது பட்டு. உருகி, ஆறியதும் கெட்டி மணியாக உருண்டால் பாலியஸ்டர். நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு நூல், குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு நூல் என இரண்டையும் கொளுத்துங்கள். கலப்புத் துணியில் இரண்டும் வேறாக இருக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, தொப்பை அதிகம். ரெடிமேட் சட்டை எது எடுத்தாலும் நடுப் பட்டன் வாய் பிளக்கிறது, முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. பெரிய சைஸ் எடுத்தால் தோள் இறங்கிவிடுகிறது. தைக்கக் கொடுத்தும் சரியாக வரவில்லை. தையல்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்? (கும்பகோணம் வாசகி)

பதில்: எனக்கு வந்த கேள்விகளிலேயே பிடித்தது இதுதான் அம்மா. ஏனென்றால் ரெடிமேட்டுக்கும் தையல்காரனுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் அப்பாவின் வயிற்றில்தான் இருக்கிறது.

ரெடிமேட்காரர்கள் கழுத்தும் தோளும் மார்பும் வயிறும் ஒரே விகிதத்தில் வளரும் என்று எண்ணி வெட்டுகிறார்கள். மனிதன் அப்படி வளர்வதில்லை. எழுபதை நெருங்கும்போது தோள் சற்றுச் சுருங்கும், முதுகு லேசாகக் கூனும், வயிறு மட்டும் முன்னால் போகும். ஆகவே சட்டையைத் தோளுக்கு வெட்ட வேண்டும், வயிற்றுக்கு இடம் தனியாகக் கொடுக்க வேண்டும். தையல்காரர் மார்பு அளவை மட்டும் எடுத்துவிட்டு "சரி, போங்கள்" என்றால் நகராதீர்கள்.

முதலில், வயிற்றின் மிகப் பெருத்த இடத்தில் அளவு. நிற்கும்போது ஒன்று, நாற்காலியில் உட்கார வைத்து ஒன்று. அளவு எடுக்கும்போது எல்லா அப்பாக்களும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள், "மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார்?" என்றால் மூச்சு தானாக வெளியே வந்துவிடும். இரண்டு அளவிலும் பெரியது எதுவோ அதற்கு மேல் நான்கு அங்குலம் விட வேண்டும். அந்தக் கூடுதலை முன்பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும். பின்பக்கத்தில் சேர்த்தால் முதுகுப்புறம் பை தொங்கும், முன்னால் பட்டன் அப்போதும் இழுக்கும். உங்கள் பழைய தையல்காரர் இதைத்தான் செய்திருப்பார்.

இரண்டாவது, முன் உயரம். வயிற்றின் மேல் ஏறி இறங்குவதில் துணி செலவாகிறது. அதனால்தான் முன்பக்கம் தூக்குகிறது. முன் உயரம் பின் உயரத்தைவிட ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் அதிகமாக வெட்ட வேண்டும். மேஜையில் விரித்தால் சட்டை கோணலாகத் தெரியும். போட்டால் நேராக நிற்கும்.

மூன்றாவது, பட்டன். வழக்கமாக மூன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று மேலிருந்து கீழே அளந்துகொண்டே போவார்கள். உங்கள் அப்பாவுக்கு வயிற்றின் உச்சியில் எந்த இடம் வருகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, அதில் ஒரு பட்டன் கட்டாயம் விழும்படி, அங்கிருந்து மேலும் கீழும் மூன்று அங்குலம் என்று பிரிக்க வேண்டும். காஜா எடுப்பவரிடம் சட்டை போகும் முன்பே இந்தக் குறி போட்டிருக்க வேண்டும். காஜாக்காரர் தன் அட்டையை வைத்து அடித்துக்கொண்டே போய்விடுவார், அவர் மேல் பழி சொல்ல முடியாது.

துணி: உடலோடு ஒட்டாத, சற்றே விறைப்பான பருத்தி. வழவழ துணி வேண்டாம், வயிற்றில் ஒட்டி உருவத்தைக் காட்டும். பெரிய கட்டமும் வேண்டாம், கட்டத்தின் கோடு வயிற்றில் வளைவதை ஊரே பார்க்கும். மெல்லிய நெடுங்கோடு அழகு. அரைக்கையும் நேரான அடிப்பாகமும் வைத்து, இன் பண்ணாமல் விட்டால் அப்பாவுக்கும் நிம்மதி.

பேண்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தொப்பைக்குக் கீழே கட்டுவதா, மேலே கட்டுவதா என்று முதலில் அவரைக் கேளுங்கள். எனக்கு மேலே கட்டுவதுதான் பிடிக்கும், முன்பக்கம் இரண்டு பிளீட்டோடு வெட்டினால் துணி தொப்பையிலிருந்து நேராக இறங்கும். இத்தனை வருடம் கீழே கட்டிப் பழகியவரை மாற்ற முடியாது. அப்படியானால் முன்பக்க இடுப்புப் பட்டையை ஒரு அங்குலம் தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி வெட்டச் சொல்லுங்கள். உட்காரும்போது முதுகு தெரியாது.

கேள்வி: கால் ஒட்டினாற்போல் பேண்ட் தைத்துத் தரக் கேட்டால் எங்கள் டெய்லர் திட்டுகிறார். (20 வயது வாசகர், தேனி)

பதில்: நானும் திட்டுவேன். ஸ்ட்ரெச் இல்லாத துணியை அப்படித் தைத்தால் பைக்கில் ஏறும்போது கவட்டை கிழியும். அதைத் தைக்கவும் எங்களிடம்தான் வருவீர்கள். பருத்தியில் இரண்டு மூன்று சதவீதம் ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி கொண்டுபோய்க் கொடுங்கள், தைத்துத் தருவார்.

கேள்வி: கட்டம் போட்ட துணியில் தைத்த சட்டை. பாக்கெட்டில் கட்டம் சேரவில்லை, முன்பக்கம் வலதும் இடதும் ஒரு கோடு ஏறி இறங்கி இருக்கிறது. கேட்டால் "துணி அவ்வளவுதான்" என்கிறார். (சேலம் வாசகர்)

பதில்: பெரிய கட்டத்துக்குக் கால் மீட்டர் கூட எடுத்திருக்க வேண்டும். கோட்டைச் சேர்ப்பதற்குத் துண்டுகளை மேலே கீழே நகர்த்துவோம், அதில் வீணாகும். நீங்கள் அளவாக எடுத்திருந்தால் அவர் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் பாக்கெட்டுக்குக் கையகலத் துணி போதும், அது சேராததற்குச் சோம்பல் தவிரக் காரணம் இல்லை. கட்டச் சட்டை கொடுக்கும்போது மூன்று இடம் சொல்லுங்கள்: பட்டன் பட்டியில் இடமும் வலமும், பாக்கெட், காலரின் இரண்டு முனைகள். தோள்பட்டையில் எல்லாக் கோடும் சேராது, தோள் சாய்வானது. அதைக் கேட்டு அவரை வதைக்க வேண்டாம். பாக்கெட்டைக் குறுக்காக, சாய்வில் வெட்டி வைப்பது சேர்க்கிற வேலையைத் தவிர்க்கும் தந்திரம். சிலருக்கு அது ஸ்டைல்.

கட்டம் என்றதும் நம்முடைய மெட்ராஸ் செக் நினைவுக்கு வருகிறது. காய்கறிச் சாயத்தில் நெய்த அந்தத் துணி ஒவ்வொரு சலவையிலும் சாயம் விட்டு, ஒரு நிறம் இன்னொன்றில் கசிந்துகொண்டே போகும். அமெரிக்காவில் அதையே பெருமையாக்கி, "கட்டாயம் சாயம் போகும்" என்று உத்தரவாதம் சொல்லி 1960-களில் விற்றார்கள். இங்கே அந்த உத்தரவாதத்தோடு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தால் கடையை உடைத்துவிடுவீர்கள். கைத்தறிக் கட்டத்தைத் தைப்பதற்கு முன்னால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துக் கொடுங்கள். சாயமும் தெரிந்துவிடும், சுருங்குவதும் முடிந்துவிடும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே முப்பது அங்குல உயரச் சட்டையில் ஒன்றரை அங்குலம் போய்விடும். காலர் பதினாறு என்றால் முக்கால் அங்குலத்துக்கு மேல் குறைந்து கழுத்தைப் பிடிக்கும். மில் துணியில் "சான்ஃபரைஸ்டு" என்று ஓரத்தில் அச்சடித்திருந்தால் முன்கூட்டியே சுருக்கியது, இவ்வளவு பயம் வேண்டாம்.

கேள்வி: வேட்டிக்குத் தைக்கும் வெள்ளைச் சட்டைக்கு என்ன துணி? கதர் நல்லதா? (காரைக்குடி வாசகர்)

பதில்: கதர் நல்லது. 1921 செப்டம்பரில் காந்தி எங்கள் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் சட்டையையே துறந்து அரைவேட்டிக்கு மாறினார். ஆக மதுரைத் தையல்காரர்களுக்கு ஒரு பெரிய வாடிக்கையாளரை அன்றே இழந்தாயிற்று. கதரை ஊறவைக்காமல் தைக்காதீர்கள், மேலே சொன்ன சுருக்கக் கணக்கு கதருக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

வெள்ளையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேட்டி நீலம் பாய்ந்த பளீர் வெள்ளை, சட்டை பால் வெள்ளை என்றால், புதுச் சட்டை பழசுபோல் தெரியும். வேட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், கடை விளக்கில் பார்க்காமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எந்த நிறத்துக்கும் இது பொருந்தும், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலம் வெயிலில் வேறு வேறாக நிற்கும்.

வேட்டிச் சட்டைக்கு அடிப்பாகம் வளைவு வேண்டாம், நேர்வெட்டும் பக்கவாட்டில் சிறு திறப்பும் போதும். பாக்கெட்டுக்கு உள்ளே அதே துணியில் இன்னொரு அடுக்கு வைக்கச் சொல்லுங்கள். போனின் எடை ஒற்றைத் துணியை இழுத்து ஒரு பக்கம் தொங்கவிடும், உள்ளே இருக்கும் ரூபாய் நோட்டும் ஊருக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு ஒரு தோள் தாழ்வு. ஃபோட்டோவில் தெரிகிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அளவு நாடா பிடிக்கிறவனிடம் கூச்சப்படாதீர்கள் தம்பி. இரண்டு தோளும் சமமாக உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வலது கையால் பை தூக்கியவருக்கு வலது தோள், தராசு பிடித்தவருக்கு வேறு. நீங்கள் சொல்லாவிட்டாலும் நல்ல மாஸ்டர் உங்கள் பின்னால் நின்று பார்த்துக் குறித்துக்கொள்வார். சட்டையில் தாழ்ந்த பக்கத் தோள் தையலைக் கால் அங்குலம், அரை அங்குலம் இறக்கி வெட்டினால் கழுத்தோரத்துச் சுருக்கம் போய்விடும். கோட் என்றால் அந்தப் பக்கம் ஒரு பஞ்சு அடுக்குக் கூட. ட்ரையலில் நிமிர்ந்து விறைப்பாக நிற்காமல், எப்போதும் நிற்பதுபோல நில்லுங்கள்.

கேள்வி: தாத்தாவின் கம்பளிக் கோட்டை எனக்கு ஆல்டர் செய்ய முடியுமா? (திருச்சி வாசகர்)

பதில்: போட்டுப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் கோட்டின் தோள் தையல் முடிந்தால், முடியும். தோள் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் விட்டுவிடுங்கள், தோளைப் பிரிப்பது புதுக் கோட் தைப்பதைவிடப் பெரிய வேலை. மற்றதெல்லாம் சுலபம். பழைய மாஸ்டர்கள் உள்ளே தையலுக்கு ஒன்றரை அங்குலம்கூட விட்டு வைப்பார்கள், முதுகுத் தையலைப் பிரித்தால் பெரிதாக்கக்கூட இடம் கிடைக்கும். கை நீளத்தைக் குறைக்கும்போது பட்டனுக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம் பாருங்கள், சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அக்குளிலும் காலருக்கு அடியிலும் முக்கியமாக.

கேள்வி: உங்கள் தையல்கார இனத்தார் சொன்ன தேதியில் ஏன் துணி கொடுப்பதே இல்லை? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் மதுரை வாசகர்)

பதில்: உங்களை யாரென்று எனக்குத் தெரியும்.

நான் தொழில் படித்தது மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில். அங்கே தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்த காலத்தில் அளவெடுத்தவரே வெட்டுவார், பக்கத்திலேயே தைப்பார்கள், காஜாவும் கையால்தான். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன, வேலையும் சிதறிவிட்டது. இப்போது நான் வெட்டுகிறேன், தைப்பவர் வில்லாபுரத்தில் தன் வீட்டில் இருக்கிறார், காஜா வேறு கடை, இஸ்திரி வேறு ஆள். நான்கு பேரில் ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் உங்கள் சட்டை ஒரு மூட்டைக்குள் படுத்துக்கொள்ளும். அதை உங்களிடம் சொல்லாமல் "நாளைக்கு வாங்க" என்பது தப்புதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: தேதி கேட்காதீர்கள், "வெட்டியாயிற்றா?" என்று கேளுங்கள். வெட்டாத துணிக்குச் சொல்லப்படும் எந்தத் தேதியும் பொய். தீபாவளிக்கு வேண்டும் என்றால் ஆவணியில் கொடுங்கள். ஐப்பசி பிறந்த பிறகு புதுத் துணியோடு வந்து, "ஒரே ஒரு சட்டைதானே மாஸ்டர்" என்று சிரிக்கிறவர்களுக்கு நானும் சிரித்துக்கொண்டே ஒரு தேதி சொல்லிவிடுவேன்.